ஃபிளின்ட்லாக்கைத் தேர்ந்தெடுத்துக் கட்டையில் பதிப்பது: முழுமையான வழிகாட்டி

குழலின் வாய்வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் நீள ரைஃபிளைத் தனியாகச் செய்யத் தொடங்குகிறவர்கள், நான் பார்த்தவரை, ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். லாக் (கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் அமைப்பு) கைக்கு வந்ததும் அதைத் துப்பாக்கியின் மரக்கட்டையின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, உளியை எடுத்துவிடுகிறார்கள். குடைவு அழகாகவே வரும். ஆனால் மருந்துக் கிண்ணம் போய் நிற்கிற இடத்தில், குழலுக்கு உள்ளே பிரீச் பிளக்கின் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகின்) இரும்புதான் இருக்கும். அங்கே துளை போட்டால் தீ எங்கும் போகாது. என் முதல் ரைஃபிளில் இதைத்தான் செய்தேன். வெட்டிய மரத்தை ஒட்டுத்துண்டு வைத்து மூட வேண்டியிருந்தது. அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது.

வரிசை இதுதான்: குழல், பிளக், தீத்துளையின் இடம், லாக், விசை, கடைசியாகத் தீத்துளையைத் துளைப்பது. இதை மாற்றக் கூடாது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லைக் கவ்விக்கொண்டு பாயும் பாகம் குதிரை. கல் உரசும் எஃகு முகம் ஃபிரிசன். அதன் அடியில் இருப்பது மருந்துக் கிண்ணம். உள்ளே குதிரையோடு சேர்ந்து சுழல்வது டம்ளர் (தண்ணீர் குடிக்கிற டம்ளர் இல்லை). அதன் பள்ளங்களில் விழுந்து பிடிப்பது சியர். விசை (விரலால் இழுக்கும் பாகம்) தள்ளுவது இந்தச் சியரின் கையைத்தான்.

1. லாக்கைத் தொடுவதற்கு முன்

முதலில் சட்டம். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் கருமருந்து மட்டும் பயன்படுத்தும் வாய்வழி ரைஃபிளை, மற்றத் துப்பாக்கிகளோடு சேர்க்காமல் பழம்பொருள் வகையில் வைக்கிறது. மாநிலச் சட்டங்கள் அப்படியே ஒத்துப்போகும் என்று இல்லை. பாகங்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

குழல் கட்டையில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். பிரீச் பிளக் இறுதியாக முடுக்கப்பட்டு, அதன் வால் கட்டையில் உட்கார்ந்து, வால் திருகும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். குழல் பின்னர் 1/16 அங்குலம் பின்னால் நகர்ந்தாலும் லாக்குக்குப் போட்ட கணக்கு முழுவதும் பாழ்.

ராம்ராட் (மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோல்) செருகும் துளை எந்த உயரத்தில் போகிறது என்பதையும் கட்டையின் வெளிப்பக்கத்தில் கோடாக வரைந்துவிடுங்கள். முன்பக்க லாக் போல்ட் அந்தத் துளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய மரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கோடு இல்லாமல் போல்ட் துளை போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

கருவிகள்: நன்றாகத் தீட்டிய உளிகள் மூன்று நான்கு (1/8, 1/4, 1/2 அங்குலம், ஒரு வளைவு உளி), மெல்லிய அரம், மெயின் ஸ்பிரிங் வைஸ் (லாக்கின் பெரிய ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி), தொட்ட இடத்தைக் காட்ட விளக்குப் புகைக்கரி அல்லது பிரஷ்யன் நீலம். மெயின் ஸ்பிரிங் வைஸுக்குப் பதிலாக இடுக்கியை நம்பாதீர்கள். ஸ்பிரிங் உடைவது பரவாயில்லை, அது முகத்தை நோக்கிப் பறப்பதுதான் பிரச்சினை.

2. எந்த லாக்

முதல் கேள்வி ரைஃபிளின் காலமும் பாணியும். 1770-களின் பென்சில்வேனிய ரைஃபிள் என்றால் ஜெர்மானிய வடிவம்: கீழ்விளிம்பு சற்று வளைந்து, வால் கூராக முடியும் தகடு. ஸைலர் வகை லாக் இதற்குப் பெயர் பெற்றது. 1800-க்குப் பிந்தைய ரைஃபிளுக்கு ஆங்கிலேய வடிவத் தகடு பொருந்தும். ஃபிரிசன் ஸ்பிரிங்கில் சின்ன உருளை வைத்த லாக்கை 1770-ஆம் ஆண்டுப் பாணி ரைஃபிளில் போட்டால், விவரம் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

இரண்டாவது, அளவு. லாக் குழலின் பின்பக்க அகலத்தோடு பொருந்த வேண்டும். பின்பக்கம் 1 அங்குல அகலமுள்ள குழலுக்குப் பெரிய லாக். 13/16 அங்குல நேர்க்குழலுக்குச் சின்னது. மெல்லிய ரைஃபிளில் பெரிய லாக்கை வைத்தால் தோற்றம் கெடுவது மட்டுமல்ல, கைப்பிடிப் பகுதியில் மரம் மிஞ்சாது. அந்த இடத்தில்தான் கட்டைகள் உடைகின்றன.

மூன்றாவது, விசை. இரட்டை விசை (ஒன்றை இழுத்து ஏற்றிவைத்தால் மற்றொன்று லேசாகத் தொட்டாலே விடுவிக்கும்) வைக்கப்போகிறீர்கள் என்றால் டம்ளரில் ‘ஃபிளை’ என்ற சின்னத் தகடு இருக்கும் லாக்கைத்தான் வாங்க வேண்டும். இரட்டை விசை சியரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும், பிடித்துக்கொண்டிருக்காது. ஃபிளை இல்லையென்றால் குதிரை பாதி வழியில் சியர் பள்ளத்தில் மாட்டி நின்றுவிடும், சியரின் முனையும் தேயும்.

முதல் ரைஃபிளுக்கு, பாகங்களாக வரும் லாக்கை வாங்கி நீங்களே சேர்க்கும் ஆசை வேண்டாம். டம்ளரையும் சியரையும் ஃபிரிசனையும் கடினப்படுத்துவது தனி வேலை. எல்லாம் சேர்த்து, சரிபார்த்து வரும் லாக்கை வாங்குங்கள். காசை மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. பித்தளைப் பாகங்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், லாக்கை மாற்ற வேண்டுமென்றால் கட்டையையே மாற்ற வேண்டிவரும்.

உங்கள் கட்டை இயந்திரத்தில் முன்பே குடைந்து வருவதா? அப்படியானால் தேர்வே கிடையாது. அந்தக் குடைவு எந்த லாக்குக்கோ அதையே வாங்குங்கள். ‘கிட்டத்தட்ட ஒரே அளவு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

3. கையில் வந்ததும் சோதனை

குடைவதற்கு முன் செய்தால்தான் இதில் பயன். மரத்தை வெட்டிய பிறகு லாக்கைத் திருப்பி அனுப்ப மனம் வராது.

குதிரையை மெதுவாகப் பின்னால் இழுங்கள். தொடக்கத்தில் கனமாகவும், முழு ஏற்றத்தை (குதிரை பாயத் தயாராக நிற்கும் நிலையை) நெருங்கும்போது இலகுவாகவும் இருப்பது நல்ல லாக். நேர்மாறாக, முடிவில் மலைபோல் கனத்தால் சியர் மேல் அழுத்தம் கூடும், விசையும் கனக்கும்.

பாதி ஏற்றத்தில் (குதிரை பாதுகாப்பாக நடுவழியில் நிற்கும் நிலையில்) வைத்துச் சியரின் கையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். அசையவே கூடாது. அசைந்தால் திருப்பி அனுப்புங்கள், அரத்தை எடுக்காதீர்கள்.

ஃபிரிசனை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கிண்ணத்துக்கும் அதற்கும் நடுவே கீற்றாக ஒளி தெரிந்தால் மருந்து சிந்தும், ஈரமும் ஏறும். ஃபிரிசனின் முகத்தோரத்தில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். கண்ணாடி மேல் ஓட்டுவது போல் வழுக்க வேண்டும். கடித்தால் எஃகு மென்மையானது. பொறி வராது, அல்லது நான்கு நாள் வந்து நின்றுவிடும்.

லாக் கட்டைக்கு வெளியே இருக்கும்போது குதிரையை வெறுமனே விடுவிக்க வேண்டாம். ஃபிரிசனில் உரசி வேகத்தைத் தணிக்கக் கல் இல்லாமல் அந்த அடி முழுவதையும் குதிரையும் டம்ளரும் வாங்கிக்கொள்ளும். கட்டைவிரலால் பிடித்தபடி இறக்குங்கள்.

4. தீத்துளையின் இடம்

தட்டையான முனையுள்ள ஒரு மரக்குச்சியைக் குழலின் வாயிலிருந்து விட்டு, பிளக்கில் முட்டும்வரை தள்ளுங்கள். வாயோரத்தில் குச்சியில் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோரத்துக்கு நேராக நிற்கும்படி குழலின் பக்கவாட்டில் வையுங்கள். குச்சியின் முனை நிற்கும் இடமே உள்ளே பிளக்கின் முகம். அதைக் குழலின் பக்கத் தட்டையில் (எண்கோணக் குழலின் பக்கவாட்டு முகத்தில்) மெல்லிய கோடாகக் கீறுங்கள். இரண்டு முறை அளந்து பாருங்கள். நான் மூன்று முறை அளக்கிறேன், காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

தீத்துளைக்கு மரையுள்ள லைனர் (துளைக்குள் திருகிப் பூட்டும் சிறு உலோகச் செருகு) போடப்போகிறீர்கள் என்றால் அதன் அரைவிட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1/4 அங்குல லைனரின் பாதி 1/8 அங்குலம். கொஞ்சம் இடைவெளி விட்டு, பிளக்கின் முகத்திலிருந்து 5/32 அங்குலம் முன்னால் மையப் புள்ளி. லைனர் பிளக்கின் மரையைக் கடிக்காமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

உயரம் எளிது: பக்கத் தட்டையின் நடு. கிண்ணத்தின் மேல்விளிம்புக் கோடு இந்தப் புள்ளியின் வழியாகப் போகும்படி லாக் நிற்க வேண்டும். துளை கிண்ணத்தின் அடியில் போனால் மருந்து துளையை மூடிக்கொள்ளும். அப்போது பட்டென்று பற்றாமல் திரி எரிவதுபோல் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது லாக்கைக் குழலின் பக்கத்தில் பிடித்து, கிண்ணத்தின் நடுவைப் புள்ளிக்கு நேராக வையுங்கள். இந்தப் புள்ளியை அச்சாக வைத்து லாக்கை மேலும் கீழும் சுழற்றலாம். மூக்கு மிகவும் தாழ்ந்தால் ராம்ராட் துளையில் இடிக்கும். வால் தாழ்ந்தால் கைப்பிடியின் கோட்டோடு சேராது. சியரின் கை விசை வரும் இடத்துக்கு மேலே விழுகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் ஒத்துவரும் ஒரு நிலை இருக்கும். அது கிடைக்க அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

5. பக்கப் பலகையும் லாக்கைக் கழற்றுவதும்

லாக் உட்காரும் பக்கத்து மரத்தைத் தட்டையாக, குழலின் பக்கத்துக்கு இணையாக இழைத்து, இறுதி அளவைவிட 1/16 அங்குலம் கூடுதலாக நிறுத்துங்கள். மரம் மிகவும் தடியாக இருந்தால் கிணறு மாதிரி ஆழமாகத் தோண்ட வேண்டும், உளி நேராக நிற்காது. முன்பே இறுதி அளவுக்கு இழைத்துவிட்டால் ஓரம் சிதைந்த இடத்தைச் சரிசெய்ய மரம் இருக்காது.

அடுத்து லாக்கைக் கழற்றுங்கள். முழு ஏற்றத்தில் வைத்து, மெயின் ஸ்பிரிங் மேல் வைஸை மாட்டி, இறுகப் பிடித்தால் போதும் என்ற அளவில் முடுக்குங்கள். பிறகு குதிரையைப் பிடித்துக்கொண்டு சியரை விடுவித்தால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். அதற்கு மேல் முடுக்கினால் உடையும். குதிரையை நெம்பாதீர்கள். டம்ளரின் சதுர முனையைப் பித்தளைக் குத்தூசியால் தட்டி வெளியேற்றுங்கள். திருகுகளை ஒவ்வொன்றாக ஓர் அட்டையில் குத்தி, எந்த இடத்துத் திருகு என்று எழுதி வையுங்கள். ஒரே மாதிரி இருக்கும், ஒன்று மற்றொன்றின் இடத்தில் சேராது.

6. தகட்டைப் பதிப்பது

இந்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

தகட்டின் ஓரங்களை உட்பக்கம் நோக்கி மிக லேசாகச் சரித்து அராவுங்கள், இரண்டு மூன்று டிகிரி போதும். சரிவு இருந்தால் தகடு உள்ளே இறங்க இறங்க இடைவெளி இறுகும். சரிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் மேல்விளிம்பைச் சுரண்டி இடைவெளியை அகலப்படுத்தும்.

கிண்ணத்தின் பின்னால், குழலை நோக்கித் தடித்து நிற்கும் பகுதியைப் போல்ஸ்டர் என்பார்கள். முதலில் அதற்கு இடம் வெட்டுங்கள். தகடு மரத்தின் மேல் தட்டையாகப் படிவதற்கு இதுவே வழி. தகடு படிந்த பிறகுதான் சுற்றுக்கோடு சரியாக விழும். கோட்டைப் பென்சிலால் போட்டு, கூரான கத்தியால் அதன் உட்பக்கம் கீறுங்கள்.

உளியை முதலில் மரத்தின் இழைக்குக் குறுக்கே குத்துங்கள், மூக்கிலும் வாலிலும். இழையோடு போகும் நீளப் பக்கங்களை அப்புறம். மாற்றிச் செய்தால் உளி ஆப்பாக மாறி மரத்தைப் பிளந்துவிடும். சுருள் இழை மேப்பிளில் இழை எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது, அங்கே சீவல் காகிதம் போல் மெல்லியதாகவே வர வேண்டும்.

தகட்டின் அடியில் கரி பூசி, இடத்தில் வைத்து, மரச்சுத்தியால் ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் தொட்ட இடம் மட்டும் கறுத்திருக்கும். கறுத்ததை மட்டும் சீவுங்கள். திரும்ப வையுங்கள். முப்பது நாற்பது முறை செய்ய வேண்டிவரும். புதியவர்கள் பத்தாவது முறையில் பொறுமை இழந்து கறுக்காத இடத்தையும் சீவிவிடுகிறார்கள். அங்கேதான் பிற்பாடு ஓட்டை தெரிகிறது.

எங்கே நிறுத்துவது? போல்ஸ்டர் குழலின் பக்கத் தட்டையை அதன் முழு நீளத்திலும் தொடும்போது. போல்ஸ்டரில் கரி பூசி அழுத்தினால் குழலில் ஒரே சீரான கறை விழ வேண்டும். முன்முனையில் மட்டும் கறை விழுந்தால் வால் பக்கம் இன்னும் மரம் தாங்குகிறது என்று பொருள். இங்கே இடைவெளி விட்டால் கிண்ணத்து மருந்து அதன் வழியே லாக்கின் பின்னால் இறங்கி, ஒருநாள் அங்கேயே பற்றிக்கொள்ளும். மரத்தோரம் அழகா இல்லையா என்று கவலைப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

7. உள் உறுப்புகள்

ஒரு நேரத்தில் ஒரே உறுப்பு. தகட்டில் டம்ளரை மட்டும் பூட்டி, கரி பூசி, பதித்து, சீவுங்கள். பிறகு அதைத் தாங்கும் பிரைடில், பிறகு சியர், சியர் ஸ்பிரிங், கடைசியில் மெயின் ஸ்பிரிங். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் எது தொடுகிறது என்று தெரியாமல் ஒரு பெரிய பள்ளம் தோண்டிவிடுவீர்கள். கைப்பிடிக்கு அருகே அந்த மரம் தேவை.

நின்ற நிலைக்கு மட்டும் வெட்டினால் போதாது, அசைகிற இடத்துக்கும் வெட்ட வேண்டும். மெயின் ஸ்பிரிங்கின் கீழ்க்கால், குதிரை இறங்கியிருக்கும்போது கீழேயும் ஏறியிருக்கும்போது மேலேயும் இருக்கும். இரண்டு நிலையிலும் மரத்தைத் தொடக் கூடாது.

ஒரு நண்பரின் லாக் கட்டைக்கு வெளியே பொறியாகப் பொழிந்தது, உள்ளே வைத்ததும் மந்தமாகிவிட்டது. ஸ்பிரிங் வலுவிழந்துவிட்டது என்று புதியது வாங்கப்போனார். லாக்கைக் கழற்றிக் குடைவுக்குள் விளக்கடித்துப் பார்த்தோம். ஸ்பிரிங்கின் கால் ஓடும் பாதையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு மரம் மெழுகு தேய்த்தது போல் பளபளத்தது. அந்த இடத்தை உளியால் இரண்டு சீவு சீவினோம். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

8. லாக் போல்ட்கள்

பெரும்பாலும் 8-32 மரைத் திருகு. தகட்டில் மரை வெட்ட 29-ஆம் எண் டிரில் பிட், கட்டையில் தாராளமாகப் போக 18-ஆம் எண்.

பின்பக்க போல்ட் பிரீச் பிளக்கின் பின்னாலோ, அதன் தடித்த பகுதியின் ஊடாகவோ போகும். முன்போல்ட்தான் தலைவலி. அது குழலின் அடிக்கும் ராம்ராட் துளைக்கும் நடுவில், மெயின் ஸ்பிரிங்கையும் தொடாமல் போக வேண்டும். முதல் படியில் வரைந்த கோடு இப்போது கைகொடுக்கும். நிமிர்ந்து நிற்கும் டிரில் இயந்திரத்தில் கட்டையை அசையாமல் கட்டி, இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகத் துளைத்தால் பிசகினாலும் குறைவாகவே பிசகும்.

போல்ட்டை முடுக்கும்போது லாக்கின் அசைவு மாறக் கூடாது. முடுக்கிய பிறகு குதிரை கனத்தால், உள்ளே ஏதோ மரத்தில் முட்டுகிறது அல்லது தகடு வளைகிறது. இதற்கும் கரிதான் வழி, திரும்பவும் பூசிப் பாருங்கள்.

9. விசையோடு சேர்ப்பது

முழு ஏற்றத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘சரி, பொருந்திவிட்டது’ என்று பலர் வேலையை முடித்துவிடுகிறார்கள். பாதி ஏற்றத்தின் பள்ளம் ஆழமானது. அதில் சியரின் முனை ஆழமாக இறங்கும், அதனால் கை முழு ஏற்றத்தில் இருப்பதைவிடச் சற்றுத் தாழும். முழு ஏற்றத்தில் விசை கையை இடைவெளியே இல்லாமல் தொட்டுக்கொண்டிருந்தால், பாதி ஏற்றத்தில் அது கையைத் தாங்கிக்கொண்டு நின்று, முனையைப் பள்ளத்தின் அடிவரை இறங்க விடாது. பார்ப்பதற்குப் பூட்டியிருப்பது போல் இருக்கும், உண்மையில் ஒரு தட்டுக்குக் காத்திருக்கும். மூன்று நிலைகளிலும் (இறங்கிய நிலை, பாதி ஏற்றம், முழு ஏற்றம்) விசைக்கும் சியர் கைக்கும் நடுவே மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும்.

விசை கனமாக இருக்கிறதென்று பள்ளங்களை அராவ வேண்டாம். விசையின் அச்சு ஊசியைச் சியர் கைக்கு அருகே, உயரமாக வைத்தாலே இழுப்பு இலகுவாகும்.

10. தீத்துளையைத் துளைப்பது

இப்போதுதான். லாக்கை முடுக்கிய நிலையில் நீங்கள் கீறிய புள்ளி கிண்ணத்தின் நடுவிலேயே இருக்கிறதா பாருங்கள். குடையும்போது லாக் முடியளவு நகர்ந்திருக்கலாம். நகர்ந்திருந்தால் முன்பக்கமாகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், பின்னால் பிளக்கை நோக்கி மட்டும் போகாதீர்கள். லாக்கைக் கழற்றி, குழலைக் கட்டையிலிருந்து எடுத்து, தட்டைக்குச் செங்குத்தாகத் துளைத்து லைனரைப் பூட்டுங்கள். தீ போகும் துளை 1/16 அங்குலத்தில் தொடங்கட்டும். தேவைப்பட்டால் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

11. கல்லும் பொறியும்

பெரிய ஸைலர் அளவு லாக்குக்கு 3/4 அங்குல அகலக் கல், சின்னதுக்கு 5/8. இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லும், தேன் நிறப் பிரெஞ்சுக் கல்லும் நன்றாகவே வேலை செய்யும். கல்லைத் தோலில் சுற்றிக் கவ்வ வையுங்கள், வெறும் இரும்பில் அது நழுவும், உடையும். திருகு போகும் இடத்தில் தோலை வெட்டிவிட்டால் கல் பின்னால் நன்றாக உட்காரும்.

பாதி ஏற்றத்தில் ஃபிரிசனை மூடினால் கல்லின் விளிம்புக்கும் அதற்கும் ஒரு தீக்குச்சிக் கனம் இடைவெளி. விளிம்பு ஃபிரிசனுக்கு இணையாக, முழு அகலமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு மூலை மட்டும் தொட்டால் அந்த மூலைதான் முதலில் உடையும். கல்லின் உட்பக்கம் குழலை உரசாமல் பாருங்கள், உரசினால் குழலின் பக்கத்தில் பளிச்சென்று கீறல் விழும்.

ரைஃபிளில் மருந்து இல்லை என்பதை ராம்ராட் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணாடி அணிந்து, இருட்டு அறையில் விசையை இழுங்கள். கல் ஃபிரிசனின் மேல் மூன்றில் ஒரு பங்கில் பட்டு, கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். மங்கிய சிவப்புப் பொறிகள் பறந்து அணைந்தால் அவை குளிர்ந்தவை. வெள்ளையாகச் சீறிக் கிண்ணத்தில் விழுந்து துள்ளுவதுதான் வேண்டும். ஃபிரிசனின் நடுவில் குழி விழுந்தால் கல் சுரண்டாமல் இடிக்கிறது. கல்லைத் தலைகீழாகத் திருப்பிக் கவ்வவைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

12. மரத்தை மூடுவது

குடைவின் உள்ளே மெருகெண்ணெயை மிக மெல்லிய ஒரு பூச்சாகப் பூசுங்கள். எண்ணெய் ஏறாத மரம் ஈரத்தில் வீங்கும். தடிமனாகப் பூசினால் நீங்கள் நாற்பது முறை சீவிய இடைவெளி அடைபட்டுவிடும். டம்ளரின் அச்சிலும் சியர் முனையிலும் ஒரு சொட்டு எண்ணெய். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் லாக்கைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும், கருமருந்தின் கசடு இரும்பைத் தின்னும். அப்படிக் கழற்றும்போது, முதல் சில வாரங்களுக்கு, குடைவுக்குள் ஒரு விளக்கடித்துப் புதிய பளபளப்பு ஏதும் தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். மரம் இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கும்.